தரவைக்குக் குறுக்கே ஒரு வீதி

இன்று காலையில் எங்கள் வாசலில் தார் காய்ச்சுகிறார்கள். பிரதான வீதியில் விழுந்த குழிகளை அடைக்க வந்தவர்கள் எங்கள் படலைக்கு நேரே பீப்பாவை வைத்து நெருப்பு மூட்டிவிட்டார்கள். யன்னல்களைச் சாத்தினேன். சாத்தியும் மணம் உள்ளே வந்துவிட்டது. குசினி, சுவாமி அறை, உங்கள் சேட்டுகள் கிடக்கும் அலுமாரி, எல்லா இடமும் தார். கொஞ்ச நேரத்தில் நானே போய் யன்னல்களைத் திறந்துவிட்டேன். எத்தனை சவர்க்காரம் போட்டுத் தோய்த்தும் உங்கள் உடுப்பை விட்டுப் போகாத மணம், யன்னலைச் சாத்தினால் மட்டும் போய்விடுமா?

நேற்றுப் பின்னேரத்திலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்து, தண்ணீர் வற்றி, திரும்பவும் வைத்தேன். வாசலுக்குப் போவதும் உள்ளே வருவதுமாக இருக்கிறேன். தார்க்காரப் பெடியன் ஒருவன், "என்ன அம்மா, ஆரையும் பாத்துக்கொண்டிருக்கிறியளோ?" என்று கேட்டேவிட்டான். இல்லை என்றேன். பொய்தான். உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் போய் ஒரு வருடமாகி, ஆட்டத்திவசமும் முடிந்து, கீரிமலையில் தலை முழுகி வந்த பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை.

நேற்று ஓர் அறிக்கையை அனுப்பினேன். நீங்கள் சண்டை பிடிக்காமல் இந்தப் படலையைத் தாண்டிப்போன முதல் அறிக்கை அது.

நீங்கள் வீதி போடுகிறவர். நான் வீதி போட்டால் என்ன கெடும் என்று பார்த்துச் சொல்கிறவள். அரசாங்கத் தமிழில் அதற்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு என்று பெயர். உங்கள் தமிழில் 'நொட்டை சொல்லுற உத்தியோகம்.' சாதகம் பார்த்த சாத்திரியார் உத்தியோகப் பொருத்தம் பார்க்க மறந்துபோனார் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பீர்கள். ஆனாலும் நான் ஓர் அறிக்கையை எழுதி முடித்தேன் என்றால், சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு விறாந்தைக் கதிரையில் வந்து இருந்துவிடுவீர்கள். "இஞ்சரும், நான் இப்ப கொம்பனி. நீர் சொல்லும் பாப்பம்." பிறகு நான் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாய் வெட்டுவீர்கள். எனக்கோ கோபம் மூக்கு நுனியில். பாதியில் எழுந்து உள்ளே போய்ப் பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறையாகக் கழுவுவேன். நீங்கள் விறாந்தையிலிருந்தே, "கொம்பனி இன்னும் எழும்பேல்லை, அம்மா" என்று கூப்பிடுவீர்கள்.

நான் வேண்டாம் என்றால் நீங்கள் கம்பனி. நான் சரி என்றால்? ஒரு இறங்குதுறை கட்டும் விஷயத்தில் எல்லாம் சரிதான், கட்டலாம் என்று எழுதியிருந்தேன். இன்றைக்குச் சண்டை இல்லை என்று சந்தோஷமாய் வந்தால், "அப்ப நான் இண்டைக்கு நண்டு" என்றீர்கள். "என்ரை வளையை எங்கை கொண்டுபோய் வைக்கப் போறியள்? நட்டஈடு உண்டோ?" சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. மறுநாள் அந்தப் பந்தி முழுவதையும் அழித்துத் திரும்ப எழுதினேன். எதிர்ப்பில்லாத முடிவு வேகாத சோறு என்பது உங்கள் வாய்ப்பாடு. அப்போது அது பெரிய தொல்லையாக இருந்தது.

இந்த முறை வந்த விஷயத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். கடல்நீரேரிக் கரையில், மேடான ஒரு நிலத்தில் ஒரு கம்பனி சுண்ணாம்புக்கல் அகழப் போகிறது. அந்த மேட்டை ஒட்டி, மீளக் குடியமர்ந்த சனங்களின் சிறு குடியிருப்பு ஒன்றும் இருக்கிறது. கல் ஏற்றும் டிப்பர்கள் பிரதான வீதிக்கு வருவதற்கு வழி வேண்டும். நடுவில் தரவை கிடக்கிறது. ஒரு மரம் இல்லை, ஒரு வேலி இல்லை. கோடையில் மாடு மேயும், பெடியள் கிரிக்கெட் அடிப்பார்கள். மாரியில் கண்ணுக்கெட்டிய தூரம் முழங்கால் தண்ணீர். அந்தத் தரவைக்குக் குறுக்கே நேர்கோடாக ஒரு வீதியைக் கீறி வைத்திருந்தார்கள். எனக்கு முன்னர் அந்த இடத்தைப் பார்த்தவர்கள் ஆடி மாதத்தில் போயிருக்கிறார்கள். 'பயன்பாடற்ற வெறுநிலம், நீரோட்டம் காணப்படவில்லை' என்று எழுதி வைத்திருந்தார்கள். சோளகக் காற்று புழுதி வாரி இறைக்கிற மாதத்தில் போய் நின்றால் வேறென்ன காணப்படும்?

மாரி வரட்டும், அதற்குப் பிறகுதான் நான் வாய் திறப்பேன் என்றேன். கம்பனியின் முகாமையாளர் நல்ல மனிதர், தன்மையாகத்தான் கேட்டார். "ஏன் அம்மா தண்ணி வருமட்டும் நிக்கிறியள்? காய்ஞ்சிருக்கேக்கை தானே ரோட்டுப் போடுறது!" இதை நீங்கள் கேட்டிருந்தால் ஒரு கிழமைக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பீர்கள். எனக்குச் சிரிக்க ஆளில்லாததால் கோபம் மட்டும்தான் வந்தது.

ஐப்பசியில் மழை கொட்டியது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தரவைக்குள் இறங்கி நடு இடம் வரை போனேன். தண்ணீர் சும்மா தேங்கி நிற்பதாகத்தான் பார்வைக்குத் தெரிந்தது. ஒரு வைக்கோல் துண்டைப் போட்டேன். அது மெல்ல நகர்ந்தது. தள்ளிப் போய் இன்னொன்று போட்டேன். அதுவும் அதே பக்கம் நகர்ந்தது. அங்கே வாய்க்கால் இல்லை, ஓடை இல்லை. தரவை முழுவதும் ஒன்றாகச் சேர்ந்து ஏரியை நோக்கி ஊர்ந்துகொண்டிருக்கிறது. கோடை முழுக்க மேலே பூத்த உப்பைக் கழுவிக்கொண்டு போவது அந்தத் தண்ணீர்தான். நிலத்துக்குள் இறங்கி, அந்தக் குடியிருப்புக்கு இருக்கிற ஒரேயொரு நல்லதண்ணிக் கிணற்றை நிரப்புவதும் அதுதான். கல்லும் கிறவலும் கொட்டி அதற்குக் குறுக்கே ஒரு வீதியை உயர்த்தினால் ஒரு பக்கம் வெள்ளம் நிற்கும், மறுபக்கம் உப்பு ஏறும். கிணறு ஒரு சில மாரி தாக்குப்பிடிக்கலாம். அதற்குப் பிறகு உவர்.

வேண்டாம் என்ற முடிவுக்கு நான் அங்கேயே, தண்ணீருக்குள் நின்றபடியே வந்துவிட்டேன். அதுதான் பயமாக இருந்தது. ஒருவருமே எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லையே! வீட்டுக்கு வந்து விறாந்தையில் உங்கள் கதிரைக்கு எதிரே இருந்து நானே கம்பனியாகிப் பார்த்தேன். மதகுகளைக் கூட்டிப் போட்டால் என்ன? வாய்க்காலே இல்லாத இடத்தில் மதகை எங்கே வைப்பது? அப்படியென்றால் முழுவதும் பாலமாகவே கட்டட்டும். கல் அள்ளுகிறவன் பாலம் கட்டுவானா? கேள்வியும் நான், பதிலும் நான். எனக்குத் தெரிந்த கேள்விகளைத்தான் உங்கள் வாயில் வைக்க முடிந்தது. நீங்களோ எப்போதும் எனக்குத் தெரியாததைத்தான் கேட்பீர்கள். எழுந்துபோய் ஒரு தேவையும் இல்லாமல் முற்றத்தைக் கூட்டினேன்.

பிறகு சனசமூக நிலையத்தில் ஊர்க்கூட்டம் நடந்தது. பிரதான வீதிப் பக்கத்து வெங்காயத் தோட்டக்காரர் எல்லோரும் வந்திருந்தார்கள். தேத்தண்ணியும் வாய்ப்பனும் கொடுத்தார்கள். தரவையின் தண்ணீரைப் பற்றி நான் சொன்னதும் கைதட்டினார்கள். கமக்காரர் சங்கத் தலைவர் எழுந்து, "தரவை எங்கடை தாய். தாயின்ரை நெஞ்சிலை டிப்பர் ஓட விடமாட்டம்" என்றார். இன்னும் பெரிய கைதட்டல். எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்தது, மறைப்பானேன்.

அந்த நேரத்தில் பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். தவமணி என்று பெயர், தரவைக்கு அப்பால் உள்ள குடியிருப்பிலிருந்து வந்தவள். ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். அவள் ஒலிவாங்கியை வாங்கவில்லை.

"நீங்கள் எல்லாரும் ரோட்டுக்கரையிலை இருந்துகொண்டு கதைக்கிறியள். என்ரை மூத்தவளுக்குப் பிள்ளை பெற வயித்துக்குத்து வந்த நேரம் நல்ல மாரி. அம்புலன்ஸ் வராது எண்டிட்டினம். உழவு மிசின் பெட்டியிலை ஏத்தி இந்தத் தரவைக்குள்ளாலைதான் கொண்டு போனனாங்கள். நடுத் தரவையிலை மிசின் நிண்டிட்டுது. பிள்ளை தப்பேல்லை. இப்ப இளையவளுக்கு மாசம். பொங்கலுக்கு முந்திப் பிறந்திடும். எனக்கு ரோட்டு வேணும். கொம்பனி போட்டாலென்ன, பேய் போட்டாலென்ன."

நான் மெதுவாகச் சொன்னேன், "உங்கடை கிணறுதான் அம்மா முதல்லை உவராப் போகும்."

"போகட்டும். ரோட்டிருந்தாப் பவுசரிலை தண்ணி வரும். ரோட்டில்லாட்டி அம்புலன்சும் வராது, பவுசரும் வராது. எனக்கு எது பெரிசெண்டு நீங்கள் சொல்லுங்கோ."

ஒருவரும் கைதட்டவில்லை. தோட்டக்காரர்கள் அவளைப் பார்த்து முணுமுணுத்தார்கள், குடியிருப்புச் சனம் தோட்டக்காரர்களைப் பார்த்துச் சத்தம் போட்டது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்களே, முகாமையாளர் தலையைக் குனிந்துகொண்டு வாய்ப்பனைப் பிய்த்தார். நான் மேடையில் நின்றேன். என்ன வந்தது தெரியுமா எனக்கு? சந்தோஷம். அந்த நேரத்தில் வரக்கூடாத சந்தோஷம். நான் நினைக்காத கேள்வியை ஒருத்தி கேட்டுவிட்டாள். அதற்குப் பின்னாலேயே வெட்கமும் வந்தது. அவளுக்குச் செத்தது பேரப்பிள்ளை. அது எங்கள் விறாந்தை விவாதம் இல்லை.

நீங்கள் அங்கே இருந்திருந்தால் அவள் பக்கம்தான் போய் இருந்திருப்பீர்கள். வீதி இல்லாத ஊர் பாதி ஊர் என்று சொல்வீர்களே. இடம்பெயர்ந்த நேரத்தில் மாமியைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள்ளால் நடந்து வந்த கதையைச் சொல்லத் தொடங்கினால், பாதியில் எழுந்து வேலைக்குப் போய்விடுவீர்கள். மீதியை நான் ஒருநாளும் கேட்கவில்லை. தவமணியைப் பார்த்தபோது அந்த மீதிக் கதை என்னவென்று கொஞ்சம் விளங்கியது.

மறுநாள் காலையில் அவள் வீட்டுக்குப் போனேன். தரவைத் தண்ணீர் ஏறியிருந்ததால் சுற்றுவழியால் வரச் சொன்னாள். அப்படி ஒரு வழி இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தரவையின் தலைமாட்டைச் சுற்றி, பனங்காணிகளுக்கும் தோட்டங்களுக்கும் ஊடாக வளைந்து வளைந்து போகிற ஓர் ஒழுங்கை. முழுவதும் மேட்டுநிலம், ஒரு சொட்டு வெள்ளமில்லை. ஆனால் ஓட்டோ கூட நுழையாது. என் சைக்கிளின் கைபிடி இரண்டு பக்க வேலியையும் உரசியது. எதிரே வந்த தவமணி என்னைப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ளாலை பிரேதம் கொண்டு போறதெண்டாலும் பெட்டியைச் சரிச்சுத்தான் கொண்டு போகவேணும்" என்றாள்.

அந்த வேலியை நின்று பார்த்தேன். தொடையளவு பருத்த பழைய பூவரசுகள் ஒரு வரிசையாய்க் காணிக்குள்ளே நிற்கின்றன. அதற்கு வெளியே கை மொத்தத்தில், வேலித்தடியாய் நட்ட கிளுவைக் கதியால்கள் ஒரு வரிசை. அதற்கும் வெளியே, போன வருடம் நட்டுத் துளிர்விட்ட புதுக் கதியால்களும் தகரமும். மற்றப் பக்கமும் அப்படியே. ஒரு காலத்தில் மாட்டு வண்டில்கள் ஒன்றையொன்று விலத்திப் போன ஒழுங்கையாம். வேலி அடைக்கிற நேரமெல்லாம் ஒரு சாண், ஒரு சாணாய் இரண்டு பக்கத்தாரும் சாப்பிட்டுச் சாப்பிட்டு, மிஞ்சியதுதான் என் கைபிடி உரசிய இடைவெளி.

"எங்கடை ஆக்களின்ரை வேலிக்குக் கால் இருக்கு. ஆனா வெளிப்பக்கம் மட்டும்தான் நடக்கும்." நீங்கள் சொல்வதுதான். உங்கள் பெரியப்பா மகனின் வேலியைப் பின்னுக்கு எடுப்பித்து ஒரு வீதியை அகட்டியதற்காக, அவர் வீட்டுக் கலியாணத்துக்கு எங்களுக்குச் சொல்லவில்லை, நினைவிருக்கிறதா? பட்டுச்சேலையை வெளியே எடுத்து வைத்துக் காத்திருந்து, நான்தான் மூக்கைச் சிந்தினேன். நீங்கள், "சோறு போனாப் போகட்டும், பஸ் போகுதெல்லே" என்றீர்கள். அந்த ஒழுங்கையில் நின்று எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. தவமணி ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தாள்.

எல்லோரும் வேலியைப் பழைய பூவரசுக்குப் பின்னால் எடுத்தால் போதும். அம்புலன்ஸ் தாராளமாய்ப் போகும், தரவையில் ஒரு கூடை மண்ணும் விழாது. டிப்பர் அந்த வளைவுகளில் திரும்பாது, அதுவும் நல்லதுதான். மதியத்துக்குள் எனக்குக் கால் தரையில் படவில்லை. நேரே கமக்காரர் சங்கத் தலைவர் வீட்டுக்குப் போனேன். ஒழுங்கையில் ஆகத் தடித்த வேலி அவருடையதுதான்.

"நான் எடுக்கமாட்டன் எண்டு சொல்லேல்லை அம்மா," என்றார் தலைவர். "முன்வீட்டுக்காரன் முதல்லை எடுக்கட்டும். நான் அடுத்த நாளே எடுக்கிறன்."

முன்வீட்டுக்காரர், "அவர் பெரியாள். அவர் எடுத்தாத்தானே மற்றவை எடுப்பினம்" என்றார்.

மூன்றாவது வீட்டில் ஒரு ஆசிரியை. "இது என்ரை சீதனக் காணி. அம்மா தந்ததிலை ஒரு சாணும் விடமாட்டன்."

"உங்கடை அம்மா ஒழுங்கையையுமோ சேத்துச் சீதனம் தந்தவ?" என்று கேட்டுவிட்டேன். படலை என் முகத்துக்கு நேரே சாத்தப்பட்டது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்டது. கேட்கத்தான் செய்தது.

கார்த்திகை முழுவதும் அந்த ஒழுங்கைக்குப் போய் வந்தேன். தரவை தாய் என்று கைதட்டியவர்கள்தான் எல்லோரும். யாருமே மாட்டேன் என்று சொல்லவில்லை. பாப்பம் என்றார்கள், மகள் வெளிநாட்டிலிருந்து வரட்டும் கேட்டுச் சொல்கிறேன் என்றார்கள், தேத்தண்ணி தந்தார்கள். ஒரு கதியாலும் அசையவில்லை. அவர்களைப் பொல்லாதவர்கள் என்று சொல்ல என்னால் முடியாது. எங்கள் வீட்டுப் பின்வேலியை நானும் ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

நேற்று அறிக்கையை முடித்தேன். தரவைக்குக் குறுக்கே வீதி கூடாது என்று எழுதினேன். குடியிருப்புச் சனத்துக்கு வழி கட்டாயம் வேண்டும், அதற்குச் சுற்று ஒழுங்கையை அதன் பழைய அகலத்துக்கு மீட்க வேண்டும் என்றும் எழுதினேன். முதலாவதை அவர்கள் ஏற்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். இரண்டாவதை எழுதலாம், வாசிப்பார்கள். வாசித்து முடித்து யார் போய் வேலியில் கை வைப்பது? கம்பனியின் வீதியை நான் நிறுத்தினால், இந்த மாரிக்குத் தவமணிக்கு ஒரு வீதியும் இல்லை. அது எனக்குத் தெரிந்திருந்தும்தான் அனுப்பினேன். கிணறு போனால் திரும்பி வராது, வேலி என்றால் என்றோ ஒருநாள் பின்னுக்கு வரலாம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அது சரியா என்று கேட்க விறாந்தையில் யாரும் இல்லை.

அனுப்பிவிட்டுத் தவமணிக்கு ரெலிபோன் எடுத்தேன். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, "உங்கடை இளையவளை இஞ்சை கொண்டுவந்து விடுங்கோ. எங்கடை வீட்டிலையிருந்து தெல்லிப்பழை ஆசுப்பத்திரி கிட்ட. பிள்ளை பிறக்குமட்டும் என்னோடை இருக்கட்டும். நான் பாக்கிறன்" என்றேன். முன்னறையை ஒதுக்கி, உங்கள் கட்டிலில் புது விரிப்பும் விரித்து வைத்துவிட்டுத்தான் கதைத்தேன். நல்ல காரியம் செய்கிறவளின் நெஞ்சு நிமிர்த்தல் எனக்குள் கொஞ்சம் இருந்திருக்க வேண்டும்.

 

"கொண்டு வாறன் அம்மா," என்றாள். "ஞாயிற்றுக்கிழமை கொண்டு வாறன். நீங்கள் நல்லாயிருக்கவேணும்." பிறகு அதே குரலில், கோபம் ஒன்றும் இல்லாமல் கேட்டாள். "இவளுக்கு நீங்கள் இடம் தாறியள். அடுத்த மாரிக்குப் பெறப்போறவளை எங்கை விடுவியள்?"

 அவளாகவே, "சரி அம்மா, வைக்கிறன்" என்று வைத்துவிட்டாள். அந்தக் கேள்வியோடுதான் நேற்றிலிருந்து வாசலுக்கும் குசினிக்குமாக நடக்கிறேன். ஒழுங்கைக்குத் திரும்பவும் போவேன். படலையைச் சாத்திய ஆசிரியையிடம்தான் முதலில் போக வேண்டும். அவளும் எத்தனை நாளைக்குத்தான் சாத்துவாள்? ஆனால் அது தவமணிக்குப் பதில் இல்லை, எனக்குத் தெரியும். நீங்கள் இருந்திருந்தாலும் உங்களிடம் பதில் இருந்திராது. கதிரையில் சாய்ந்து, மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு, "உதுக்கு என்னட்டையும் மறுமொழி இல்லையப்பா" என்று சொல்லியிருப்பீர்கள். மறுமொழி தெரியாமல் இரண்டு பேர் இருந்தால் அந்த வீட்டில் நித்திரை கொள்ளலாம். நான் ஒருத்தியாய் இருக்கிறேன்.